நஞ்சு, தாளம் தப்பிய இதயம், எக்மோ: நம் ஊரில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பல சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா தோட்டத்து டிரசர், அதாவது தோட்டத்து ஆட்களுக்கு முதல் வைத்தியம் பார்ப்பவர். இப்போது குடியிருப்பது சுங்கை சிப்புட்டில்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மூட்டுவலிக்கு ஒரு வேரை வாங்கி வந்து சாராயத்தில் ஊறவைத்தார். கொடுத்தவர் சொன்னது தடவச் சொல்லி. இவர் காதில் விழுந்தது குடிக்கச் சொல்லி. ஒரு மடக்குதான். அரை மணிக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போய், வாந்தி எடுத்து, நெஞ்சு படபடவென்று அடித்துச் சரிந்துவிட்டார். அந்த வேர் வச்சநாபி. மகன் காடியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு இரவு எக்மோ இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஆளாளுக்கு என்னிடம் கேட்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எக்மோ என்பது என்ன?

உடம்புக்கு வெளியே வைத்த ஓர் இதயமும் ஒரு நுரையீரலும். தொடையில் உள்ள பெரிய சிரைக்குள் ஒரு குழாயை விட்டு, இதயத்தின் வாசல்வரை கொண்டுபோய், கெட்ட ரத்தத்தை வெளியே இழுக்கும். ஒரு பம்ப் அதைத் தள்ளும். வழியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் முடியைப்போல மெல்லிய உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்குள்ளே ஆக்சிஜன் ஓடும், வெளியே ரத்தம் ஓடும். கரியமில வாயு கழன்று, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தொடைத் தமனி வழியாக உடம்புக்குத் திரும்பும். நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை போகும். நல்ல இதயம் ஓய்வில் தள்ளுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனபோது நான் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரைக் குழாய் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் மெல்லியது, ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றில் நாவல்பழ நிறத்தில் ரத்தம் வெளியே வருகிறது. பெட்டியைத் தாண்டியதும் செம்பருத்திச் சிவப்பு. ஒரு சாண் தூரத்தில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு கைப்பிடி மாட்டியிருந்தது. கரண்டும் பேட்டரியும் போனால் நர்ஸ் அதைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பழைய கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

இது நேற்று வந்த சரக்கு இல்லை. அறுவை சிகிச்சைக்கான இதய-நுரையீரல் இயந்திரத்தை ஜான் கிப்பன் 1953ல் வெற்றிகரமாக ஓட்டினார். அதையே நாள்கணக்கில் கட்டிலோரத்தில் ஓட்டலாம் என்பது 1971ல் அமெரிக்காவில் விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞரிடம் நிரூபணமானது.

டயாலிசிஸ் மாதிரி ரத்தத்திலிருந்து விஷத்தை எடுத்துவிடுமா?

எடுக்காது. எல்லோரும் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் ஊரில் டயாலிசிஸ் தெரியாத குடும்பம் குறைவு. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) அந்த அளவுக்கு நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது. குழாய், ரத்தம், இயந்திரம் என்றதும் மனசு டயாலிசிஸுக்குப் போவது இயல்பு. ஆனால் எக்மோ வடிகட்டி இல்லை. ரத்தத்தில் இருக்கும் நஞ்சு அப்படியே சுற்றி வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் எதற்கு அது? ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்தால்தான் நஞ்சு உடையும், வெளியேறும். அவை வேலை செய்ய ரத்தம் போக வேண்டும். ரத்தம் அனுப்ப வேண்டிய இதயமோ நஞ்சால் தடுமாறிக் கிடக்கிறது. இந்தச் சுழலை வெளியிலிருந்து வெட்டிவிடுவதுதான் எக்மோ. மூளைக்கும் ஈரலுக்கும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். உடம்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். இதயம் தெளியும்வரை யாரும் அதை நம்பியிருக்க வேண்டாம். வாங்கித் தருவது நேரம் மட்டும்தான். ஆகவே, நேரம் கிடைத்தால் தேறக்கூடிய இதயம் யாருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் இந்த இயந்திரத்தால் லாபம்.

விஷம் வயிற்றுக்குத்தானே போகிறது, இதயத் துடிப்பு ஏன் கெடுகிறது?

உறுமி மேளக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதைக் கேட்டுத் தொடர்வார்கள். இதயத்திலும் மேல் அறையில் ஒரு சின்ன இடம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின் அடி கொடுக்கிறது, கீழ் அறைகள் தொடர்கின்றன. அந்த அடி பரவுவது சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய உப்புகள் செல்லின் வாசல் வழியாக உள்ளே வெளியே போய்வருவதால்தான்.

வச்சநாபி சோடியம் வாசலை மூடவிடாமல் திறந்தே பிடித்துக்கொள்கிறது. அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் அளவு மீறினால் அதே வாசலை அடைத்துவிடுகின்றன. அரளி, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிப்போடும் பம்ப்பையே நிறுத்துகிறது. வேறு வேறு சேதம்தான், முடிவு ஒன்று: பின்னால் நிற்கிற ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு மேளம் அடிக்க ஆரம்பிக்கிறார்கள். சத்தம் பலமாக இருக்கும், ஊர்வலம் நகராது. இதயம் நிமிடத்துக்கு 180, 200 என்று துடித்தும் ரத்தம் போகாமல் இருப்பது அப்படித்தான்.

பெரியவரின் இசிஜி தாளில் ஒரு துடிப்பு மேலே பார்த்தது, அடுத்தது கீழே பார்த்தது, மறுபடி மேலே, மறுபடி கீழே. எத்தனையோ வருடம் இசிஜி எடுத்தவன், அந்தப் படத்தைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். வச்சநாபியும் அரளி வகை நஞ்சும்தான் இப்படி எழுதும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஷாக் கொடுத்தால் துடிப்பு சரியாகிவிடாதா?

மாரடைப்பில் வரும் துடிப்புக் கோளாறுக்குப் பலமுறை சரியாகும். நஞ்சில் ஷாக் கொடுத்ததும் ஒரு நிமிடம் நேராகி, மறுபடி கலைந்துவிடும். கலைத்த ஆள் இன்னும் ரத்தத்திலேயே இருக்கிறாரே. பெரியவருக்கு எத்தனை ஷாக் கொடுத்தோம் என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டதாக ஓர் இளம் டாக்டர் சொன்னார்.

அப்படியானால் நேராக எக்மோவே போட்டுவிடலாமே?

கூடாது. முதலில் மாற்று மருந்துகள் இருக்கின்றன, பல பேருக்கு அவையே போதும். அமிட்ரிப்டிலினுக்குச் சோடியம் பைகார்பனேட். அரளிக்கும் டிகாக்சின் என்ற இதய மாத்திரைக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம். மஞ்சள் அரளிக்கு அது வேலை செய்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வுதான் 2000ல் காட்டியது. சில வகைப் பூச்சி மருந்துக்கு அட்ரோபின். பிரஷர் மாத்திரைகளுக்குக் கால்சியமும், நம்ப மாட்டீர்கள், இனிப்புநீருக்குப் போடுவதைவிடப் பல மடங்கு இன்சுலினும். முறுக்கிக்கொண்டு ஓடும் ஒருவகைத் துடிப்புக்கு மக்னீசியம். வச்சநாபிக்கு மாற்று மருந்து கிடையாது. அமியோடரோன் போன்ற துடிப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவை எதற்கும் அடங்கவில்லை என்றால்தான் எக்மோ. அமெரிக்க இதயச் சங்கம் 2023ல் வெளியிட்ட நஞ்சு சிகிச்சை வழிகாட்டலும், மற்ற சிகிச்சைக்கு அடங்காத துடிப்புக் கோளாறுக்கும் இதயம் தளர்ந்த அதிர்ச்சி நிலைக்கும் எக்மோவைப் பயன்படுத்துவது நியாயமே என்கிறது. ஆனால் 'அடங்கவில்லை' என்று முடிவெடுக்க ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டால் மூளை போய்விடும். அதனால் கெட்டிக்கார டாக்டர்கள் மருந்தை ஏற்றிக்கொண்டே எக்மோ குழுவுக்கும் போன் அடித்துவிடுவார்கள். தேவைப்படாமல் போனால் நல்லதுதானே.

எந்தெந்த நஞ்சுக்கு இது உதவும்?

இதயத்தைத் தற்காலிகமாக முடக்கி, பிறகு உடம்பை விட்டுப் போய்விடும் நஞ்சுகளுக்கு. வச்சநாபி ஓர் உதாரணம். அடுத்தது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: பாட்டியின் பிரஷர் மாத்திரை அம்லோடிபின், படபடப்புக்குக் கொடுத்த புரோபிரனோலால், கால் எரிச்சலுக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின். மிட்டாய் என்று பேரப்பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய உயரத்தில் அவற்றை வைக்காதீர்கள். தானியக் கிடங்கில் புகைபோடும் அலுமினியம் பாஸ்பைட் இதயத்தையே சுருட்டிவிடும். அதற்கும் எக்மோ கைகொடுத்ததாக இந்தியாவிலிருந்து அறிக்கைகள் உண்டு.

எங்கள் மாமா புல் மருந்து குடித்தபோது ஏன் எக்மோ போடவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் போத்தல் தெரியும். கிராமோக்சோன் என்ற பெயரில் வந்த பாராகுவாட் களைக்கொல்லி. அது துடிப்பைத் தற்காலிகமாகக் கலைத்துவிட்டுப் போகிற நஞ்சு அல்ல. நுரையீரலில் போய்ச் சேர்ந்து, நாள்போக்கில் அதை நாராக்கிவிடும். ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் சேதம் இன்னும் கூடும். பெரும்பாலானவர்களுக்கு அந்த நுரையீரல் மறுபடி திரும்பி வராது. நேரம் வாங்கித் தந்தாலும் அந்த நேரத்தில் தேறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. பணம் இல்லை என்றோ தோட்டத்து ஆள் என்றோ ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக வெந்துகொண்டிருந்தார் அந்த அக்கா. காரணம் அதுவல்ல.

மலேசியாவில் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் முழுக்கத் தடை. ஆனாலும் பழைய ஸ்டோரில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், கலர் தண்ணி போத்தலில் ஊற்றிவைத்த மிச்சம் இன்னும் கண்ணில் படுகிறது. குடிக்கிற போத்தலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் மண்டோர் முதல் முதலாளி வரை இதைச் செய்கிறார்கள்.

இப்போது அடிக்கும் கிளைபோசேட்டும் விளையாட்டுப் பொருள் இல்லை. நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் விழும், பொட்டாசியம் ஏறும், துடிப்பு கெடும். ஆனால் பாராகுவாட் மாதிரி கதவைச் சாத்திவிட்டுப் போவதில்லை. தீவிர சிகிச்சையில் தேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் இது உண்டா?

இல்லை, மாவட்ட ஆஸ்பத்திரியில் எதிர்பார்க்கவும் கூடாது. இந்த இயந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. குழாய் போடத் தெரிந்த அறுவை நிபுணர், இயந்திரத்தை ஓட்டும் பெர்பியூஷனிஸ்ட், இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே இருக்கிற நர்ஸ், ரத்த வங்கி எல்லாம் வேண்டும். கோலாலம்பூரில் 1992ல் தொடங்கிய ஐ.ஜே.என். என்கிற தேசிய இருதய மருத்துவமனை மாதிரி, இதய அறுவைப் பிரிவு உள்ள பெரிய இடங்களில்தான் இது நடக்கும்.

அதனால் நம் ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராகக் கோலாலம்பூருக்குக் காடியை விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வழியில் தஞ்சோங் மாலிமில் துடிப்பு நின்றால் என்ன செய்வீர்கள்? முதலில் அருகில் உள்ள ஆஸ்பத்திரி. அங்கே இசிஜி, மருந்து, மூச்சுக்குழாய் எல்லாம் ஆரம்பமாகும், அப்புறம் ஈப்போ, அதற்கு மேல் எங்கே என்பதை டாக்டர்கள் போனில் பேசி முடிவெடுப்பார்கள். எந்த நஞ்சு, என்ன மருந்து என்று சந்தேகம் வந்தால் அவர்கள் கேட்பது பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தை.

நாடி பிடித்துப் பார்த்தேன், நாடியே இல்லை. ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா?

பெரியவரின் மனைவி கேட்டது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போயிட்டாருங்க, என்கிட்ட மறைக்கிறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எக்மோ பம்ப் இதயத்தைப்போல் விட்டு விட்டுத் தள்ளாது, குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராகத் தள்ளும். இதயம் சொந்தமாகத் துடிக்காத நேரத்தில் நாடி தட்டுப்படவே படாது. நான் அந்த அம்மாவின் கையை எடுத்து அவர் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன். சூடாக இருந்தது. நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்து, உடனே சிவந்தது. "நாடி இயந்திரத்துக்குள்ள இருக்கும்மா" என்றேன். மறுநாள் மத்தியானம் மானிட்டரில் நேர்கோடாக இருந்த ரத்த அழுத்தக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் தெரிய ஆரம்பித்தன. இதயம் தானாகத் தள்ளத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு அந்த மேடுகளைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஆளைப் பார்க்கவில்லை, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து இல்லையா?

நிறைய இருக்கிறது. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எங்காவது ரத்தம் கசியலாம், மூளையிலும் கசியலாம். தொடைத் தமனியில் குழாய் இருப்பதால் அந்தக் காலுக்கு ரத்தம் குறைந்து காலே போய்விடும் நிலை வரலாம். அதற்கென்று ஒரு சின்னக் குழாயைக் காலுக்குக் கீழ்நோக்கித் தனியாகப் போடுவார்கள். கிருமித் தொற்று, பக்கவாதம், சிறுநீரகம் நின்றுபோவது எல்லாம் நடக்கும். இன்னொன்று: பம்ப் தமனியில் எதிர்ப்பக்கமாகத் தள்ளுவதால், சோர்ந்துபோன இதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திறக்க முடியாமல் வீங்கலாம். கையெழுத்துக் கேட்கும்போது டாக்டர் இதையெல்லாம் சொல்வார். பயமுறுத்துகிறார் என்று கோபப்படாதீர்கள்.

எத்தனை நாள் வைப்பார்கள்? பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்?

நஞ்சைப் பொறுத்தது. வச்சநாபி ஒன்று இரண்டு நாளில் விலகிவிடும். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகலாம், அதனால் நாள் கூடும்.

பிரான்சில் நஞ்சால் இதயம் நின்றுபோன, அல்லது கடுமையாகத் தளர்ந்துபோன 62 பேரைப் பற்றி 2012ல் ஒரு கட்டுரை வந்தது. இயந்திரம் வைத்த 14 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். வைக்காத 48 பேரில் 23 பேர். நல்ல கணக்குதான். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது, ஆளும் குறைவு. அதை வைத்து 'எக்மோ போட்டால் நூற்றுக்கு எண்பத்தாறு' என்று வாட்சப்பில் அனுப்பாதீர்கள். மாரடைப்புக்காரரைவிட நஞ்சுக்காரருக்கு நம்பிக்கை அதிகம் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம், அதுவரை நன்றாக இருந்த இதயம் அது.

வீட்டில் யாராவது நஞ்சு உட்கொண்டுவிட்டால் முதலில் என்ன செய்வது?

999க்கு அடியுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, முட்டை, பால், இளநீர், எதுவும் வேண்டாம். அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கரி வேறு சரக்கு. மருந்தடிக்கும்போது மேலே கொட்டிவிட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

போத்தல், மாத்திரை அட்டை, மிச்சம் இருக்கும் வேர், எதுவாக இருந்தாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே கொண்டுவாருங்கள். பெரியவரின் மகன் செய்த நல்ல காரியம் அதுதான். சாராயப் போத்தலை வேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவசரப் பிரிவில் மூடியைத் திறந்ததும் வார்டே மணத்தது, ஆனால் என்ன நஞ்சு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் நடு நெஞ்சில் கை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள், ஆள் மாற்றி ஆள். பூச்சி மருந்து என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து "தெரியாமல் சாப்பிட்டுவிட்டார்" என்று சொல்கிறோமே?

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309வது பிரிவு 2023ல் நீக்கப்பட்டுவிட்டது. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மருந்தே அதை வைத்துத்தான். மனசு தாங்காமல் இருக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், 15555 என்ற ஹீல் உதவி எண்ணுக்கோ 03-7627 2929 என்ற பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண்ணுக்கோ அடியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

மருந்தடிக்கும் வேலையில் நடந்தால் செலவு?

வேலையில் நடந்தது என்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதியச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள். மற்றவர்களுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் சமூகநலப் பிரிவு இருக்கிறது. பில்லைப் பார்த்துவிட்டு மயங்கி விழுவதற்கு முன்னால் அங்கே போங்கள்.

அப்படியானால் நாட்டு மருந்து, சீன மருந்து எதையும் தொடவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். என் அப்பாவே டிரசர் வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் கஷாயம் காய்ச்சியவர். சித்த மருத்துவத்தில் வச்சநாபியைச் சுத்தி செய்து நஞ்சைக் குறைக்காமல் மருந்தில் சேர்க்க மாட்டார்கள். சீன மருத்துவத்திலும் 'சுவான் வூ' என்ற இதே இனத்து வேரை நீண்ட நேரம் கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்துவார்கள்; கொதியில் நஞ்சு பெரும்பகுதி உடைந்து வீரியம் குறையும். சாராயத்தில் ஊறவைத்தால் உடையாது, சாராயத்துக்கு இறங்கிவிடும். பெரியவர் மாட்டிக்கொண்டது இங்கேதான். பெயர் தெரியாத வேரை வாங்காதீர்கள். தடவும் மருந்தைத் தடவுங்கள். உதடு மரத்தால் அடுத்த வாய் குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார். தொடையில் இரண்டு தழும்பு, வேட்டியை ஒதுக்கி எல்லோருக்கும் காட்டுகிறார், வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. அந்த இரண்டு இரவில் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறதாம். போன வாரம் சாப்பாட்டுக் கடையில் என்னைப் பார்த்து, தடவ ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.